தறிப் பேச்சு

பட்டாளத்தார் வீட்டிலிருந்து தெருவுக்குக் கேட்கிற குரல் ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய மகனின் குரல். "அப்பா! மோட்டாரை நிறுத்தினீங்களா? மோட்டாரு! அப்பா, மோட்டாரு!" என்று அவன் காலையில் ஆரம்பித்தால் மூன்று வீடு தாண்டிக் கிழவி ஒருத்தி எழுந்து தன் வீட்டு மோட்டாரை நிறுத்திவிட்டு வருவாள். பட்டாளத்தார் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். செவிடன் காதில் ஊதின சங்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

பெற்ற தகப்பனிடம் இப்படி எகிறுகிறவன் நல்லவனாக இருப்பானா என்று தெரு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. மருமகளைப் பற்றித்தான் எல்லாருக்கும் ஆச்சரியம். கல்யாணமாகி வந்து பதினாறு வருஷத்தில் மாமனாரிடம் அவள் ஒரு சொல் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. குணவதி என்றார்கள் சிலர். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது போல என்றார்கள் மற்றவர்கள்.

உண்மையில் அந்த வீட்டில் அதிகம் பேசிக்கொண்டது அவர்கள் இரண்டு பேரும்தான். அவள் குரல் இல்லாமல் பேசினாள், அவ்வளவுதான் சங்கதி.

அவள் பதினெட்டு வயதில் விசைத்தறிக் கூடத்துக்கு வேலைக்குப் போனவள். நாற்பது தறிகள் ஒரே தகரக் கூரையின் கீழ் ஓடுகிற இடம் அது. குறுக்கு நூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடித்துக்கொண்டு ஓடும் சத்தம் நாற்பது மடங்காகிக் கூரையில் மோதித் திரும்பி வரும். அங்கே ஒருத்தி காதோடு வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. ஆனாலும் பெண்கள் பேசாமல் இருப்பார்களா? வாயை நன்றாகத் திறந்து, உதட்டை நன்றாகக் குவித்து, புருவத்தையும் சேர்த்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் பேசுவார்கள். இரண்டு வரிசை தாண்டி நிற்கிறவளுக்கும் அது புரியும். புதிதாக வருகிறவள் ஒரு மாதம் திருதிருவென்று விழிப்பாள். அடுத்த மாதம் அவளும் புறம் பேச ஆரம்பித்துவிடுவாள். அதற்குத் தறிப் பேச்சு என்று பெயர்.

கல்யாணமான மறுநாள் காலையில், புது வீடு, புது முகங்கள் என்ற கூச்சத்தில் அவளுக்குக் குரலே எழவில்லை. மாமியார் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்ததால் அடுப்பு அவள் பொறுப்புக்கு வந்திருந்தது. சமையலறை வாசலில் நின்றுகொண்டு, பழக்க தோஷத்தில், "டீ போடட்டுமா மாமா?" என்று வாயை மட்டும் அசைத்தாள்.

"போடும்மா. சக்கரை கம்மியா" என்றார் கூடத்தின் கோடியிலிருந்து.

அவள் புருஷன் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். "நான் நேத்துலேர்ந்து தொண்டை கிழியக் கத்தறேன், எனக்கு ஒரு பதில் இல்ல. இவ வாயே திறக்கல, இவளுக்குக் கேக்குதாம்!" என்றான். அன்றைக்குப் பிடித்த அந்தக் குறை அவனை விடவே இல்லை. அப்பாவுக்குத் தன் பேச்சு மட்டும் கேட்காது என்பது அவனுடைய உறுதியான கொள்கை.

பட்டாளத்தார் பதினோரு வருஷம் பீரங்கிப் படையில் இருந்தவர். குண்டை எடுத்து பீரங்கிக்குள் ஏற்றுகிற வேலை. பென்ஷனுக்கு வேண்டிய வருஷம் முடிவதற்குள் படையைக் குறைக்கிறோம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டாள வேலையில் காது போனவர்களுக்குத் தனியாக ஒரு பென்ஷன் உண்டு என்று பழைய படையாட்கள் சங்கத்தின் செயலாளர் வருஷத்துக்கு ஒரு முறையாவது வந்து சொல்வார். பட்டாளத்தார் கையை ஆட்டி அனுப்பிவிடுவார். "எனக்கு என்ன, லேசா மந்தம். அதுக்குப் போயி கை நீட்டறதா?"

போன வருஷம் ஒரு காலையில் அந்தப் பிடிவாதம் போயிற்று. பால்காரர் வெளிக்கதவின் தாழ்ப்பாளைத் தட்டிக்கொண்டு நிற்பதை அவர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பால்காரரின் கை மூன்று முறை எழுந்து இறங்கியது. அந்தக் கதவுக்கு நாலடி இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மருமகள் திரும்பவில்லை. நாலாவது முறை பால்காரர் ஓங்கிக் குத்திய பிறகுதான் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் அவள் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு தறியிலிருந்து வந்தபோது மேஜையின் மேல் பழைய தகரப் பெட்டியும் அதற்குள் இருந்த காகிதங்களும் பரப்பி வைக்கப்பட்டிருந்தன.

"அந்தச் செக்ரட்டரியை வரச் சொல்லு. எழுதட்டும்."

"என்ன மாமா திடீர்னு?"

"ஒரு கண்டிஷன். பென்ஷன் வந்த மாசமே நீ தறியை விட்டுடணும்."

"நான் எதுக்கு விடணும்?"

"பால்காரர் எத்தனை தடவை கதவைத் தட்டினாருன்னு சொல்லு பாப்போம்."

"ஒரு தடவைதான். ஏன்?"

பட்டாளத்தார் நாலு விரலைக் காட்டினார். அவளுக்குச் சுருக்கென்றது. புருஷன் பம்ப் மெக்கானிக். மழைக்காலத்தில் அவனுக்கு வேலை இருக்காது. தறிக் கூலி இல்லாமல் அந்த மாதங்களைத் தள்ள முடியாது என்பது மூன்று பேருக்கும் தெரியும். பென்ஷன் வந்தால்தான் அவள் தறியை விட முடியும் என்பதும் தெரியும்.

சங்கத்து அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. செயலாளர் பட்டாளத்தில் எழுத்தராக இருந்தவர். துப்பாக்கியைத் தொட்டதை விடக் கோந்துப் புட்டியைத் தொட்டதுதான் அதிகம் என்று அவரே சொல்லிக்கொள்வார். பட்டாளத்தாரின் விடுவிப்புத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"என்னம்மா இது, அனுப்பறப்போ 'காதில் குறை எதுவும் இல்லை'ன்னு இவரே சொன்னதா எழுதியிருக்கே?"

அவள் மாமனார் பக்கம் திரும்பி வாயசைத்தாள்.

"அன்னிக்கு வரிசையில நின்னோம். ஒரு ஆபீசர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே என்னமோ கேட்டுக்கிட்டே எழுதினாரு. எனக்கு முன்னாடி இருந்தவன் எல்லாத்துக்கும் 'இல்லை சார், இல்லை சார்'னு தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்."

"அவர் என்ன கேட்டாருன்னு தெரியுமா?"

"காது கேட்டாத்தான தெரியும்?"

செயலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். காது கேட்காததால்தான் காது கேட்கிறது என்று எழுதிவிட்டார்கள் என்பதை எந்த அலுவலகத்துக்குப் புரிய வைப்பது? ஆனால் மனிதர் விடாக்கண்டர். கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, எட்டு மாதத்தில், பட்டாள ஆஸ்பத்திரியின் பழைய பதிவேட்டிலிருந்து ஒரு பக்கத்தின் நகலை வரவழைத்தார். குண்டு வெடிப்புப் பயிற்சிக்குப் பின் இரண்டு காதிலும் ரத்தம், மூன்று நாள் படுக்கை என்று அதில் இருந்தது. "இனிமே கவலையில்ல. மெடிக்கல் போர்டுல காதைச் சோதிச்சு, கேக்கலன்னு எழுதிட்டா முடிஞ்சுது. இவருக்கு இடி விழுந்தாலும் கேக்காது. இதுல தோக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

தோற்பதற்கு மருமகள் இருந்தாள்.

போர்டு நாளன்று தறிக் கூடத்தில் சொல்லி அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு மாமனாரைக் கூட்டிப்போனாள். பட்டாளத்தார் சட்டைக்குக் கஞ்சி போட்டு, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தார். ஆஸ்பத்திரியில் காதைச் சோதிக்கும் மிஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது. டாக்டர் முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார். ஜலதோஷமாம். பேசிப் பார்த்தே எழுதிவிடுகிறேன் என்று ஃபைலைத் திறந்தார். அவள் டாக்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில், மாமனாருக்கு எதிரே, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வயசு என்ன?"

"எழுபத்தாறு முடிஞ்சுது சார்."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு ரொட்டி, ஒரு முட்டை."

"எந்த பஸ்ல வந்தீங்க?"

"பஸ் கூட்டமா இருந்துச்சு சார், ஆட்டோவில வந்தோம்."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். இன்னும் தாழ்த்தினார். கடைசியில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். பட்டாளத்தார் சளைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. எழுந்தபோது விறைப்பாக ஒரு சல்யூட்டும் வந்தது. வெளியே வந்ததும் மருமகள், "சூப்பர் மாமா, ஒண்ணு கூட விடல!" என்றாள். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினவர்கள் மாதிரி இரண்டு பேரும் கேன்டீனில் டீ குடித்தார்கள். அவர்களுக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை.

செயலாளருக்கு உறைத்தது. "எல்லாத்துக்கும் பதில் சொன்னாரா?" என்றார். "எல்லாத்துக்குமா?" அவர் முகம் சுண்டிப் போயிற்று.

இருபது நாளில் கடிதம் வந்தது. மாஸ்க் அணிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்ட கேள்விகளுக்கும் மனுதாரர் சரியாகப் பதில் சொன்னார், செவித்திறன் வயதுக்கு ஏற்றபடி நன்றாக உள்ளது, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

பட்டாளத்தார் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுத் தகரப் பெட்டியில் வைத்தார். "போகட்டும்மா" என்றார். அன்று முழுக்க அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்காவிட்டால் அவருக்குப் பேச்சு இல்லை.

மறுநாள் தறியில் அவளுக்குக் கை ஓடவில்லை. நாலு தறி அவள் பொறுப்பு. இழை அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும். நாடாவுக்குள் நூல் தீரும் முன், நூல் சுற்றிய குச்சியான தாரை மாற்ற வேண்டும். வெளியே வெயில் கொளுத்தியது. தகரத்துக்குக் கீழே பஞ்சு காற்றில் மிதந்து வியர்வையில் ஒட்டியது. எதிர்த் தறியில் நிற்கும் அக்கா, இருபத்தைந்து வருஷ சர்வீஸ், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயசைத்தாள்.

"என்னடி, மூஞ்சி தொங்குது?"

அவள் சொன்னாள். டாக்டர் கேட்டது, மாமா சொன்னது, கடிதம் வந்தது எல்லாவற்றையும் தார் மாற்றிக்கொண்டே, சத்தமில்லாமல் சொன்னாள்.

"மாஸ்க் போட்டுக்கிட்டா கேட்டான்?"

"ஆமாக்கா. கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுது."

"அப்ப நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

"சும்மா நின்னுக்கிட்டிருந்தேன்."

"எங்க?"

"டாக்டர் பக்கத்துல."

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நாற்பது தறிச் சத்தத்தில் அந்தச் சிரிப்பு கேட்கவில்லை, குலுங்கியது மட்டும் தெரிந்தது. பின்னால் அக்காவின் தறியில் இழை அறுந்து துணியில் ஓட்டை விழுந்துகொண்டிருந்தது.

"அடிப் பாவி! உன் வாய் எப்படி சும்மா நின்னிருக்கும்? போன மாசம் முதலாளி மீட்டிங் போட்டாரே, அவர் பேசப் பேச உன் வாயும் கூடவே ஓடிச்சு. பக்கத்துல நின்ன நாங்க அவரை விட்டுட்டு உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம். பஸ்ல கண்டக்டர் டிக்கெட் டிக்கெட்னா உன் வாயும் டிக்கெட் டிக்கெட்ங்குது. யாரு எது சொன்னாலும் உன் வாயில அது ஒரு தடவை ஓடும்டி. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பதினாறு வருஷமாக வீட்டுக்கு யார் வந்து என்ன பேசினாலும் அதை மாமாவுக்கு வாயால் சொல்லிச் சொல்லி, வாய் தானாக ஓடப் பழகிவிட்டிருந்தது. டாக்டர் மாஸ்க்குக்குள் முணுமுணுத்ததையெல்லாம் அவள் பக்கத்தில் நின்று ஒன்று விடாமல் மாமனாருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அவள் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா வந்து அவளுடைய நாலு தறியையும் நிறுத்தினாள்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லுவாங்க. மருமக வாயால மாமனார் கெட்டதை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள்.

சாயங்காலம் அவள் மாமனார் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"நீ கேட்ட, நான் சொன்னேன். டாக்டர் உன்னைக் கேக்கச் சொல்லியிருக்காருன்னுதான் நெனச்சேன்."

"அப்ப ஏன் மாமா அன்னிக்கே சொல்லல?"

"'ஒண்ணு கூட விடல'ன்னு நீ சந்தோஷப்பட்ட. அதை எதுக்குக் கெடுக்கணும்?"

"திரும்ப மனு போடலாம் மாமா."

"வேணாம்மா. இன்னொரு தடவை போயி செவிடன் மாதிரி நடிக்கச் சொல்றியா?"

"நீங்க நடிக்க வேணாம். நீங்க இருக்கறபடி இருங்க. நான்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்."

அவர் அவளைப் பார்த்தார். "அது உன்னால முடியுமா?" என்றார். அவருக்கு நியாயமான சந்தேகம்தான்.

செயலாளர் இதைக் கேட்டுவிட்டு, தன் முப்பது வருஷ எழுத்து வேலையில் இப்படி ஒரு மனுவை எழுதியதில்லை என்றார். எழுதும்போது, "வீட்டுல வேற யாரு பேச்சு அவருக்குப் புரியும்?" என்று கேட்டார். கூட வந்திருந்த புருஷன் முந்திக்கொண்டான்.

"என் பேச்சு மட்டும் புரியாது சார். நானும் பதினாறு வருஷமா சொல்றேன், யாரும் நம்பல."

செயலாளர் மூக்குக் கண்ணாடியை இறக்கி அவனை நன்றாகப் பார்த்தார். அவனுடைய மீசை மேலுதட்டை முழுக்க மூடிக் கீழுதட்டையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பம்ப் மெக்கானிக்குகளில் அப்படி ஒரு மீசை வேறு யாருக்கும் கிடையாது என்பது அவன் பெருமை.

"தம்பி, உங்க மேலுதட்டை நீங்க கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"ஏன் சார்?"

"உங்க அப்பாவும் அதைத்தான் தேடிக்கிட்டிருக்காரு."

அவள் புருஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மீசைக்கும் பென்ஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று படியிறங்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தான்.

இரண்டாவது போர்டு மழைக்காலத் தொடக்கத்தில் கூடியது. மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த அம்மாள் தலைவர். நரைத்த தலை, தலையில் ஏற்றிவிட்ட கண்ணாடி, நிறுத்தி நிதானமான பேச்சு. மாஸ்க் இல்லை. மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"இதுல எழுதியிருக்கிறதை என்னால நம்ப முடியலம்மா. நம்பற மாதிரி காட்டுங்க. முதல்ல அன்னிக்கு நின்ன மாதிரியே நில்லுங்க."

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். டாக்டரம்மா ஃபைலைத் தூக்கித் தன் வாயை மறைத்துக்கொண்டு, பக்கத்து டாக்டருக்கே கேட்காத குரலில், "உங்க பீரங்கிக்கு எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"ஆறு பேரும்மா. நான் குண்டு ஏத்தறவன்" என்றார் பட்டாளத்தார், மருமகளைப் பார்த்துக்கொண்டு.

மூன்று டாக்டர்களும் அவளுடைய வாயைப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"சரி. இப்ப அந்தச் சுவரைப் பார்த்து நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் திரும்பக் கூடாது."

சுவரில் கண் சோதிக்கிற அட்டை தொங்கியது. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். டாக்டரம்மா எழுந்து பட்டாளத்தாரின் பின்னால் போகிற செருப்புச் சத்தம் கேட்டது.

"சொந்த ஊர் எது?"

பதில் இல்லை.

"தண்ணி வேணுமா ஐயா?"

இல்லை.

"வெளியில மழை பெய்யுதா?"

மழை ஜன்னல் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. பதில் இல்லை. ஏதோ ஒரு இரும்புத் தட்டைத் தரையில் போட்டார்கள். அவளுக்குத் தூக்கிப் போட்டது. அவரிடமிருந்து அசைவு கூட இல்லை. அந்த அறையில் இத்தனை சத்தம் நடந்துகொண்டிருக்க, அவர் மட்டும் சத்தமே இல்லாத ஒரு இடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. பதினாறு வருஷம் கூடவே இருந்தும் அவர் எங்கே இருக்கிறார் என்று அவள் பார்த்ததில்லை. பார்க்கும்போதெல்லாம் அவள்தான் எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தாளே.

"ம்மா" என்றார் பட்டாளத்தார். குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. "இருக்கியா?"

அவள் திரும்பவில்லை. அட்டையில் எழுத்துகள் கலங்கிப் போயின.

"அங்கதான இருக்க?"

அவர் கண்ணுக்கு அவள் முதுகு தெரியும். ஆனாலும் கேட்டார். யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். "போதும், திரும்பும்மா" என்றார் டாக்டரம்மா. திரும்பினாள். "இங்கதான் இருக்கேன் மாமா" என்று வாயசைத்தாள். அவர் முகம் தெளிந்தது.

பிறகு மிஷினிலும் சோதித்தார்கள். இந்த முறை அது வேலை செய்தது. காதில் மாட்டுகிற கருவியை அவர் தலையிலிருந்து கழற்றிய டாக்டரம்மா, அதைக் கையில் வைத்துக்கொண்டே அவளிடம் கேட்டார்.

"நீங்க இந்தப் பேச்சை எங்க கத்துக்கிட்டீங்க?"

"தறியிலம்மா."

"எத்தனை வருஷமா?"

"இருபது ஆகப் போகுது."

"உட்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினாள். நடுவில் கொஞ்ச நேரம் மிஷின் ஓய்வெடுக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஓய்வெடுக்கவில்லை என்று டாக்டரம்மா காட்டிய கோட்டுப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. "மெல்லிசான சத்தம் போயிடுச்சும்மா. போனது வராது. ஆனா இப்பவே நிறுத்தினீங்கன்னா இதோட நிக்கும். தறிக்குப் போகாதீங்க" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். பக்கத்தில் பட்டாளத்தார். மழையில் தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"உங்களுக்குக் கிடைச்சுடும்னு சொன்னாங்க மாமா."

"அது எனக்கு. உனக்கு என்ன சொன்னாங்க?"

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர்களுக்குள் பொய் சொல்ல அந்த ஒரு வழிதான் உண்டு. அது பொய் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"மூஞ்சியைத் திருப்பாத!" பட்டாளத்தாருக்குத் தன் குரலின் அளவு தெரியாது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "அந்தம்மா வாய் நல்ல சுத்தமான வாய். தறிக்குப் போகாதீங்கன்னு சொன்னதை நான் பார்த்துட்டேன்!"

"மெதுவா மாமா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பென்ஷன் வரட்டும், வராம போகட்டும். நீ நிறுத்தணும்!"

"அம்மா, பெரியவர் சொல்றாருல்ல, நிறுத்திடுங்க" என்றார் முன் சீட்டுக்காரர், எதை என்று தெரியாமலே. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

புருஷனிடம் சாயங்காலம் சொன்னாள். அவன் கையில் இருந்த கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டான். மாமாவுக்குக் கிடைத்துவிடும் என்றபோது தலையாட்டினான். தன் காதைப் பற்றி அவள் சொன்னபோது துடைக்கிற கை நின்றது. "உனக்குமா?" என்றான். கை சுத்தமான பிறகும் வெகு நேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் எங்கோ போய்விட்டு வந்தான். அவள் அடுப்படியில் நின்றபடி நிமிர்ந்து பார்த்தவள், கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். மீசை இல்லை. வெயில் படாத மேலுதடு வெளுத்து, சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது.

"என்னங்க இது கோலம்!"

"சிரிக்காத. கொஞ்ச வருஷம் போனா நீயும் இதைப் பார்த்துத்தான் நான் என்ன சொல்றேன்னு தெரிஞ்சுக்கணும். இப்பவே பழகிக்க" என்றான். அதைச் சொல்லிவிட்டு அங்கே நிற்கவில்லை. அவளுக்கு அடுப்பை அணைக்கவும் தோன்றவில்லை, மனசு அப்படி நிறைந்திருந்தது.

கூடத்தில் பட்டாளத்தார் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "யாருப்பா வேணும்?" என்றார். சும்மாதான். பேரப் பிள்ளை இல்லாத வீட்டில் அவரே விளையாடுவார். மகன் எதிரே உட்கார்ந்து, கத்தாமல், சாதாரணமாக, "டீ ஆறுதுப்பா" என்றான். பட்டாளத்தார் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு வைத்தார். அன்று முதல் அந்த வீட்டிலிருந்து தெருவுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மகன் கோபித்துக்கொண்டு எங்கோ போய்விட்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மூன்று வீடு தாண்டியிருந்த கிழவியின் மோட்டார் இரண்டு நாள் விடாமல் ஓடி, தொட்டி வழிந்தது.

மழை ஓய்ந்து வெயில் திரும்பிய வாரத்தில் செயலாளரே கடிதத்தைக் கொண்டு வந்தார். உறையைப் பிரிக்காமல் பட்டாளத்தார் கையில் கொடுத்தார். பட்டாளத்தார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தித்தாளின் பொடி எழுத்தையெல்லாம் படிக்கிற மனிதர், மகனிடம் நீட்டினார்.

"நீ படி."

மகன் படித்தான். பீரங்கிப் படையில் பணியாற்றிய காலத்தில், பணியின் காரணமாக, இரண்டு காதுகளிலும் செவித்திறன் இழந்தது ஏற்கப்படுகிறது. ஓய்வூதியம் வழங்கப்படுகிறது. இந்த மாதம் முதல், வாழ்நாள் முழுவதும்.

மருமகள் பக்கத்தில்தான் நின்றாள். அவள் வாயும் வழக்கம்போல் கூடவே ஓடியது. பாதியில் அதை அவளே கவனித்தாள். மாமா தன் பக்கம் ஒரு முறை கூடத் திரும்பவில்லை என்பதையும் கவனித்தாள். அவர் கண் மகனின் உதட்டை விட்டு நகரவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள். பதினாறு வருஷத்தில் முதல் முறையாக அந்த வீட்டில் அவளுக்கு அந்த வேலை இல்லை.

படித்து முடித்ததும் பட்டாளத்தார் அவளைப் பார்த்தார்.

"கண்டிஷன் ஞாபகம் இருக்கா?"

"நாளைக்கே முதலாளிகிட்டச் சொல்லிடறேன் மாமா."

"அந்த எதிர்த்தறிக்காரப் பொண்ணுகிட்டயும் சொல்லு. அவதான் கண்டுபிடிச்சா."

"அவங்களுக்கு முதல்ல சொல்லுவேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு மகன் பக்கம் திரும்பினார். மகன் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தான்.

"மடிக்காத. இன்னொரு தடவை படி."

"எந்த இடம்பா புரியல?"

"எல்லாம் புரிஞ்சுது" என்றார் பட்டாளத்தார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்கம்மா வாய்டா உனக்கு. படி."